மூன்று லென்ஸும் இரண்டு கருப்பையாக்களும்

மலாயாவில், ஈப்போ ரயிலடியில் இறங்கியதும் என்னை வரவேற்றது மழைதான். நாகப்பட்டினத்தில் மழை வருமுன் கடல் பக்கம் கறுக்கும், காற்று திசை மாறும், கொடியில் கிடக்கிற துணியை எடுக்க நேரம் கிடைக்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே குடம் குடமாகக் கொட்டுகிறது. கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வெயில். நான் குடையை என் தலைக்குப் பிடிக்கவில்லை. காமிராப் பெட்டிக்குப் பிடித்தேன். அதைப் பார்த்துத்தான் என் தங்கை புருஷன் சவரிமுத்து கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தானாம்.

“தல முழுக்க நனைஞ்சிருச்சு, பொட்டிக்கு மட்டும் கொட. மச்சான்தான்னு தெரிஞ்சிருச்சுலா” என்று சிரித்தான்.

ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறேன். ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவன் டிரசர். அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாட்களில் எல்லாமே அவன்தான். மாதக்கணக்காக எனக்கு எழுதிக்கொண்டிருந்தான்: “ஜெர்மன் சண்டை முடிந்தபின் அந்த ஊர் லென்ஸ் இங்கே மலிவாக வருகிறது. உங்கள் தங்கை ரோஸம்மாளையும் பார்த்த மாதிரி இருக்கும். ஒரு தடவை வாருங்கள்.” என் ஸ்டுடியோ லென்ஸில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை பால் பூத்துவிட்டது. எடுத்த படத்தில் மணப்பெண்ணெல்லாம் பனிக்குள் நிற்கிற மாதிரி தெரிந்தார்கள். ஆகவே வந்தேன். அவன் அத்தனை வற்புறுத்தி எழுதியதற்கு வேறொரு காரணமும் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அன்றிரவு ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் சவரியின் சிநேகிதர் ஒருவர் வீட்டில் தங்கல். காலையில் சீனர் கடையில் காப்பி. கொட்டையை வெண்ணெய் போட்டுக் கருக வறுக்கிறார்கள். அடியில் தகர டப்பாவில் வருகிற கெட்டிப் பால் ஒரு விரல் கனத்துக்குத் தேங்கி நிற்கிறது. நம் ஊர் டபராவுக்குப் பதில் பீங்கான் தட்டில் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். முதல் வாய் மருந்து. மூன்றாவது வாயில் இன்னொரு கோப்பை சொன்னேன். பக்கத்து மேஜையில் இரண்டு மலாய்க்காரர்கள் என் பெட்டியைக் காட்டி ஏதோ பேசினார்கள். சவரி மொழிபெயர்த்தான்: “ஒருத்தர் சொல்றாரு, பாம்பு பொட்டின்னு. இன்னொருத்தர் சொல்றாரு, பாம்பாட்டி இவ்ளோ பயந்த மூஞ்சியா இருக்க மாட்டான்னு.”

லியோங் என்பவரின் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். கண்டோனியச் சீனர், ஐம்பது வயதிருக்கும். முன்பக்கம் காமிராக் கடை, பின்பக்கம் ஸ்டுடியோ, மாடியில் குடும்பம். என் காமிராவைத் திறந்து, துருத்தியை விரலால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு ஒரு சிவப்புத் துணியை விரித்து மூன்று லென்ஸை வரிசையாக வைத்தார்.

மூன்றுமே எட்டங்குலக் குவிதூரம். படம் பதிகிற கண்ணாடித் தகடு என் காமிராவுக்கு அரைத்தகடு என்னும் அளவு; அதற்கு அதுதான் சரி. எதிரே உட்கார்ந்திருப்பவரை நம் கண் எப்படிப் பார்க்கிறதோ அப்படியே காட்டும், இழுக்கவும் இழுக்காது, ஒதுக்கவும் ஒதுக்காது. ஸ்டுடியோக்காரன் சோறு சாப்பிடுவது அந்த ஒரு லென்ஸை வைத்துத்தான். வித்தியாசமெல்லாம் லென்ஸின் வாயில். எண் சிறிதானால் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம்.

முதலாவது நாலரை. ஜெர்மன் சரக்கு, ஆரஞ்சுப் பழ அகலம், ஒரு ராத்தல் கனம், தொண்ணூறு வெள்ளி, அதாவது மலாயா டாலர். இரண்டாவது ஆறேகால். அதுவும் ஜெர்மன்தான், பாதி கனம், ஐம்பது வெள்ளி. மூன்றாவது எட்டு. இங்கிலாந்தில் செய்தது, யாரோ விற்றுப் போன பழசு, எலுமிச்சம்பழம் போல உள்ளங்கையில் அடங்கியது, பன்னிரண்டே வெள்ளி.

மறைப்பானேன், பார்த்தவுடனே பெரியதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் எதிர்த் தெருவில் புதிதாக வந்த ஸ்டுடியோக்காரர் அப்படியொன்றை வாங்கி, படமெடுக்காத நேரத்திலும் கண்ணாடிப் பெட்டியில் வாசலைப் பார்த்து வைத்திருக்கிறார். என்னிடம் அதற்குப் பணமும் இருந்தது, கொஞ்சம் இழுபறியாக.

லியோங் மலாயில் சொன்னதைச் சவரி தமிழாக்கினான்: “கடைக்குள்ள மூணுமே நல்ல லென்ஸுதான். தோட்டத்துக்குக் கொண்டு போ, மனுசங்களப் புடி. திரும்பி வந்து சொல்லு.”

“முன்பணம்?” என்று கேட்டேன்.

லியோங்கின் மனைவி கல்லாவிலிருந்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். “லென்ஸத் தூக்கிட்டு ஓடுறவன் அரை ராத்தல் மழைத் தண்ணிய ஷூவுல வச்சுக்கிட்டு ஓட மாட்டான்னு சொல்றாங்க” என்றான் சவரி. என் காமிராவின் முன்பலகை அளவுக்கு மூன்று பலகைகளை அவர்கள் தச்சன் ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொடுத்தான். முன்பின் தெரியாத என்னிடம் நூற்றைம்பது வெள்ளிச் சரக்கைச் சிவப்புத் துணியோடு சுற்றிக் கொடுத்தனுப்பிய அந்தத் தம்பதியை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

தோட்டத்துக்கு மோட்டார் பஸ். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேரும் ஒரு கூடைக் கோழியும் இருந்தோம். சிலிபின் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செம்மண் சேற்றில் பின்சக்கரம் புதைந்தது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். நான் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று விழித்தபோது ஒரு மலாய் அம்மாள் கையை நீட்டி வாங்கி, தன் மடியில் வைத்து, மேலே தோள்துணியையும் போர்த்திக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் பெட்டியோடு ஒரு கை ரம்புத்தான் பழமும் தந்தாள். முள் முளைத்த மாதிரி சிவப்புத் தோல், உள்ளே நுங்கு. அவள் பேசிய ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. இருபுறமும் பால்மரம், அதாவது ரப்பர்; கோடு போட்டு நட்ட வரிசைகள். பகல் மூன்று மணிக்கே உள்ளே அந்தி மாதிரி இருந்தது. படமெடுக்கிறவன் புத்தி, இந்த இருட்டுக்கு எந்த லென்ஸ் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் சவரி நின்றான்.

“மச்சான், ஒண்ணு சொல்லணும். வீட்டுல ரோஸம்மா முன்னால சொல்ல முடியாது.”

சொன்னான். அவன் ஆஸ்பத்திரியில் எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் ஒருவன் செத்தான். பெயர் கருப்பையா. தோட்டத்தில் அதே பெயரில் இன்னொருவனும் உண்டு. இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். பதிவேட்டில் அடுத்தடுத்த வரி. சாவுச் செய்தியை ஊருக்கு எழுதும்போது சவரி ஒரு வரி தப்பிப் பார்த்துவிட்டான். செத்தவன் வீட்டுக்குப் போகவேண்டிய கடிதம் இருப்பவன் வீட்டுக்குப் போய்விட்டது.

“அந்தப் பொம்பள தாலிய எறக்கிட்டா மச்சான். பேரு காத்தாயி. கீழ்வேளூர்ப் பக்கம்.”

“மறுகடிதம் எழுதலாமே!”

“ரெண்டு தடவ எழுதியாச்சு. கருப்பையாவுக்கு எழுதத் தெரியாது, நான்தான் எழுதுனேன். ‘செத்தான்னு எழுதுன அதே கையெழுத்து, இப்ப இருக்கான்னு எழுதுது, எவனோ வெளயாடுறான்’னு அவன் அண்ணன்காரன் கிழிச்சுப் போட்டுட்டானாம். ஊருக்குப் போய்ட்டு வந்த ஒருத்தர்கிட்ட அவ சொல்லி அனுப்பிருக்கா: உசுரோட இருந்தா மொகத்தக் காட்டச் சொல்லு.”

“துரைக்குத் தெரியுமா?”

சவரி மரத்தில் கட்டியிருந்த பால் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெரியாது. சொன்னால் வேலை போகும் என்று பயம். எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாக ஒருத்தி விதவைக் கோலத்தில் இருக்கிறாள். இவன் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அந்தச் சோறு சரியாக இறங்கியிருக்காது என்றும் தெரிந்தது. பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். அன்று ரோஸம்மா வைத்த கருவாட்டுக் குழம்பும் காங்கோங் கீரையும் ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து ருசித்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் தலைகுனிந்து சாப்பிட்டதைப் பார்த்து, “உப்புத் தூக்கலாண்ணே?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கருப்பையாவைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். முறைக்காய்ச்சலில், அதாவது மலேரியாவில், படுத்து எழுந்தவன். நின்றால் முழங்கால் நடுங்கியது.

“கப்பலேறி அங்க போய் நிக்க ஒடம்புல தெம்பு இல்லீங்க. இந்தக் காது தெரியணும், அண்ணே. வேற ஒண்ணும் வேணாம்” என்று இடது காதைக் காட்டினான். சின்ன வயதில் கடுக்கனோடு மாட்டிக் கிழிந்த காது. மடல் இரண்டாகப் பிளந்திருந்தது. “மூஞ்சி எளச்சுப் போச்சு. மூஞ்சிய நம்ப மாட்டாங்க. காத நம்புவாங்க.”

வானம் கறுத்திருந்தது. என்னிடம் மூன்று தகட்டுக் கூடு, கூட்டுக்கு இரண்டாக ஆறு தகடு. சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரம் முக்காலியில் அவனை உட்கார வைத்தேன்.

முதலில் சின்ன லென்ஸ். கைக்கு அடக்கம், காமிரா அதைச் சுமப்பதே தெரியவில்லை. ஆனால் விளிம்புவரை தெளிய வேண்டுமானால் அதன் வாயை இன்னும் சுருக்க வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு இரண்டு விநாடி மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. “அசையாதீங்க” என்றேன். அவன் அசையாமலிருக்கத்தான் பார்த்தான்; காய்ச்சல் விடவில்லை. இரண்டு தகடு போயிற்று.

அடுத்தது பெரியது. மாட்டியதும் காமிராவின் முன்பலகை கும்பிடு போடுவது போல முன்னால் சாய்ந்தது. வீட்டுக்கு ஆள் விட்டு ரோஸம்மாளின் தலை ரிப்பனைக் கேட்டு வாங்கி இழுத்துக் கட்டினேன். ஆனால் பின்கண்ணாடியில் தெரிந்த பிம்பம்! இருட்டுத் தாழ்வாரம் திடீரென்று விளக்கேற்றிய மாதிரி. கால் விநாடிதான் வேண்டியிருந்தது. கண்ணுக்குக் கூர்மை வைத்து எடுத்தேன். அந்தக் கண்ணின் ஈரம்கூடத் தெரிந்தது. இதுதான் என் லென்ஸ் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு தகடு.

மிச்சம் இரண்டு. நடு லென்ஸை மாட்டி ஐந்தாவதை எடுத்தேன், அரை விநாடி. ஆறாவதற்குக் கூட்டைத் திருப்பும்போது கருப்பையா கையை உயர்த்தினான்.

“அண்ணே, அது ஒண்ணு மிச்சம் இருக்கா? அவனுக்கு எடுங்க.”

“எவனுக்கு?”

“செத்துப் போனவனுக்கு. அவன் வீட்டுல இன்னும் தெரியாதுலா. திருக்குவளப் பக்கம், அக்கா ஒண்ணு இருக்கு. தம்பி காசு அனுப்பலயே, கடுதாசி போடலயேன்னு திட்டிக்கிட்டிருக்கும். அவன் கெடக்குற எடத்தயாவது காட்டணும்.”

ஐந்து தகட்டில் ஒன்றாவது தேறியிருக்குமா என்று கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. ஆறாவது இருந்தால் எனக்குத் தைரியம். சவரியைப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கருப்பையா ஏற்கெனவே முக்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான்.

தோட்டத்து இடுகாடு பால்மர வரிசைகளின் கோடியில் இருக்கிறது. மேட்டில் புல் முளைத்திருந்தது. ஒரு பலகையில் தாரால் பெயர் எழுதியிருந்தது. மழையில் பாதி கரைந்திருந்தது. கருப்பையா உட்கார்ந்து தன் பெயரைத் தன் துண்டால் துடைத்தான். அங்கே எனக்குச் சின்ன லென்ஸே போதுமென்று பட்டது. அந்த இடத்தில் அசைய யாருமில்லை. வாயைச் சுருக்கி, ஐந்து விநாடி மூடியைத் திறந்து வைத்தேன். அந்த ஐந்து விநாடியும் மூவரும் மூச்சு விட்டோமா என்று நினைவில்லை.

மறுநாள் ஈப்போ. லியோங்கின் இருட்டறையில் தகடுகளைக் கழுவப் போனேன். கூட வந்த சவரி காத்தாயி கதையை அவரிடம் மலாயில் சொல்லிவிட்டான். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் போதும். இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. அதில் போட்டால் கண்ணாடிமேல் இருக்கும் பூச்சு சோற்றுக் கஞ்சி ஆடை மாதிரி உரிந்து வந்துவிடும் என்று லியோங் தடுத்தார். அவர் மனைவி ஐஸ்கட்டி வாங்கி வந்து, மேலே ஒட்டிய உமியைக் கழுவி, உடைத்து, தட்டைச் சுற்றிலும் அடுக்கினார். சிவப்பு விளக்கில் சவரியும் சேர்ந்து நால்வரும் குனிந்து நின்றோம்.

முதல் இரண்டிலும் கருப்பையாவுக்கு இரண்டு மூக்கு. மூன்றும் நாலும் தட்டில் மெல்ல எழுந்துவந்தபோது லியோங் நாக்கைத் தட்டினார். அழகு என்றால் அப்படியொரு அழகு. கண் அப்படியே நம்மைப் பார்த்தது. பிறகு அவர் சுண்டுவிரலால் காதைக் காட்டினார். காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் புகை. வாய் பெரிதானால் கூர்மை ஒரு காகிதக் கனத்துக்குத்தான் நிற்கும். கண்ணுக்கு வைத்தால் காதுக்கு எட்டாது. தெரிந்த விஷயம்தான். ஆசையில் மறந்துவிட்டேன்.

ஐந்தாவது. முதலில் வெள்ளைச் சுவர் கறுத்தது, பிறகு தோள், பிறகு முகம். நான் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்த மடல், அதன் இரண்டு முனை, இடையில் இருந்த சந்து, எல்லாம் ஊசியால் கீறியது போல வந்தது. சவரி இருட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று சத்தத்தில் தெரிந்தது. லியோங்கின் மனைவி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார்.

கல்லறைப் படமும் நன்றாகவே வந்திருந்தது. புல்லின் ஒவ்வொரு இதழும் எண்ணுகிற மாதிரி.

வெளியே வந்து பெரியதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதையும் ஆறேகாலுக்குச் சுருக்கினால் இதே காது வந்திருக்கும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் பாட்டனார் முகத்தில் சுருக்கமும் பெண்ணின் காதில் தோடும் சேர்ந்து தெரிய வேண்டுமென்று கேட்கிறவர்கள். நாள் முழுக்கச் சுருக்கியே வைக்கப்போகும் வாய்க்கு நாற்பது வெள்ளி கூடக் கொடுத்து, அதன் பாரத்தையும் என் கிழட்டுக் காமிராவின் கழுத்தில் கட்டுவதா? எதிர்த் தெருக்காரருக்காகத்தான் அதை வாங்க நினைத்தேன் என்பது எனக்கே தெளிவாகிவிட்டது. நடுவையும் சின்னதையும் வாங்கிக்கொண்டேன். ஐஸுக்கும் இருட்டறைக்கும் என்ன தர வேண்டும் என்று கேட்டதற்கு லியோங் சொன்னதைச் சவரி மொழிபெயர்த்தான்: “அந்தப் பொம்பள என்ன சொன்னாங்கன்னு எழுதிப் போட்டா போதுமாம்.”

நான் கப்பலேறுவதற்கு முந்தின நாள் சவரி தானாகவே துரை பங்களாவுக்குப் போனான். ரோஸம்மாளிடமும் சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். “நல்லா வாங்குனேன் மச்சான். வேல இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் தோட்டத்து முத்திரையோட காயிதம் தர்றேன்னுட்டாரு.” அன்றைக்குத்தான் அவன் சிரித்து முழுசாகப் பார்த்தேன். ரோஸம்மா எனக்கு வழிக்கு ஒரு டப்பா முறுக்குச் சுட்டுத் தந்து, “பத்திரமாக் கொண்டு சேத்துரு அண்ணே” என்றாள். முறுக்கைச் சொல்லவில்லை.

ஊர் வந்த மூன்றாம் நாள் கீழ்வேளூர்ப் பக்கம் போனேன். காத்தாயி வயலிலிருந்து வந்தாள். சேற்றுக் கையைக் கழுவக்கூட இல்லை. நான் படத்தை அவள் கண்முன் பிடித்தேன். காதைக் காட்ட நான் விரலை எடுப்பதற்குள் அவள், “இது யாரு சட்டை? அவுக இவ்ளோ நீளக் கை போட மாட்டாங்களே” என்றாள். சட்டை சவரியுடையது. பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்காரன் வந்து படத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காதை வெகுநேரம் பார்த்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் வண்டி மாட்டுக்கு வைக்கோல் எடுத்துப் போட்டான்.

நான் கிளம்பும்போது, “அடுத்து எங்க?” என்று கேட்டாள் காத்தாயி. சொன்னேன். கேட்டு முடித்ததும் முகத்தை அலம்பிக்கொண்டு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

திருக்குவளைப் பக்கத்து வீட்டில் அந்த அக்கா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தோட்டத்துக் காகிதத்தை நான் படித்து முடித்தேன். காத்தாயி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஒங்க தம்பிக்கு அழ ஆளில்லாமப் போயிடல. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் எல்லாம் செஞ்சிருக்கு. எட்டு மாசம் நான் அழுதேன்.”